கூடம் கொடுத்தவர்கள்: தால் சதுரங்க மன்றமும் எல்லையோர ஊர்களின் ஆட்டப் பலகையும்

சதுரங்க மன்றங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றிலிருந்து எழுந்து வந்த வெற்றியாளர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எந்த ஆண்டில் யார் பட்டம் வென்றார், எந்தச் சிறுவன் எத்தனை வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனான் என்பன போன்ற செய்திகள் எளிதில் கிடைப்பதாலும் அவற்றைக் கோத்துவிட்டாலே ஒரு கதை அமைந்துவிடுவதாலும், அந்த ஆட்டங்கள் நடந்த கூடத்தைப் பற்றியும், அங்கே போடப்பட்டிருந்த மேசை நாற்காலிகளைப் பற்றியும், மாலை வேளையில் எரிந்த விளக்குக்குக் கட்டணம் கட்டியவரைப் பற்றியும் எழுதியவர்கள் குறைவு. மன்றம் என்பது முதலில் ஓர் இடம். அந்த இடத்தை யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். கொடுத்தவர் ஆடுபவரிடம் என்ன எதிர்பார்த்தார் என்பதைப் பொறுத்தே மன்றத்தின் குணம் அமைகிறது. தமிழ்நாட்டின் சதுரங்க வளர்ச்சியில் பெரும்பங்கு கொண்டதாக எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சென்னை மிகயீல் தால் சதுரங்க மன்றத்தின் கதையை இந்தக் கோணத்திலிருந்து படித்து, பின்னர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் மேல் வரிசையாக அமைந்த பர்கூர், கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய ஊர்களுக்கு அது எதைச் சொல்கிறது என்று பார்ப்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

தலைநகரத்து மன்றம் ஒன்றின் கதைக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் தொழிற்பேட்டைக்கும் பெயர்பெற்ற எல்லையோர ஊருக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி நியாயமானது. தொடர்பு ஆட்டக்காரர்களின் வழியாக வருவதைவிடக் கொடையாளர்களின் வழியாகவே அதிகம் வருகிறது. அதைக் காண்பதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அரண்மனையும் ஜமீனும்

பாராமகால் என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணகிரிப் பகுதி 1792 வரையிலும், ஓசூர்ப் பகுதி 1799 வரையிலும் மைசூரின் ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆட்சியின் கீழ் இருந்தவை; அதன் பின்னரே இவை ஆங்கிலேயர் வசமாயின. அந்த 1799இல் சிறுவனாக மைசூர் அரியணையில் அமர்த்தப்பட்ட மும்மடி கிருஷ்ணராஜ உடையார், 1831இல் நிர்வாகப் பொறுப்பை ஆங்கிலேயரிடம் இழந்தார். பட்டமிருந்தும் ஆள நாடில்லாத நிலையில் தமது நாட்களையும் செல்வத்தையும் கலைகளுக்கும் பலகை விளையாட்டுகளுக்கும் செலவிட்டார். அவர் தொகுப்பித்த 'ஸ்ரீதத்துவநிதி' என்னும் பெருநூலில் கௌதுகநிதி என்ற பகுதி முழுவதும் விளையாட்டுகளுக்கு உரியது. குதிரைக்காய் தன் நடைமுறை தவறாமல் அறுபத்து நான்கு கட்டங்களையும், ஒரு கட்டத்திலும் இரண்டாம் முறை கால்வைக்காமல், சுற்றி வரும் புதிர்களை அமைப்பதில் அவர் தேர்ந்தவராக விளங்கினார். ஆட்சி பறிபோன அரசர் ஒருவர் அறுபத்து நான்கு கட்டங்களுக்குள் ஒழுங்கைத் தேடினார் என்று எழுதிவிட ஆசை எழலாம்; அதைவிடப் பயனுள்ள உண்மை, தென்னிந்தியாவில் இந்த ஆட்டத்துக்கு அன்று கூடம் கொடுத்தது அரண்மனைதான் என்பதும், அந்தக் கூடத்துக்குள் யார் நுழையலாம் என்பதை அரண்மனையே முடிவு செய்தது என்பதுமாகும். அரண்மனைக்கு வெளியே, கோயில் மண்டபங்களின் தரைக்கற்களிலும் பாறைகளிலும் கீறப்பட்டுக் கிடக்கும் ஆடுபுலி ஆட்டக் கட்டங்கள் வேறொரு மரபைக் காட்டுகின்றன. அதற்குப் புரவலர் தேவைப்படவில்லை. ஒரு கல்லும், ஓய்ந்திருக்க ஒரு பிற்பகலும் போதுமாயிருந்தன.

புரவலரை நம்பி வளரும் ஆட்டம் புரவலர் எழுந்து போனால் என்ன ஆகும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று மீர் சுல்தான் கானின் வாழ்க்கை. பஞ்சாபைச் சேர்ந்த பெருநிலக்கிழார் சர் உமர் ஹயாத் கானின் பணியாளராக 1929இல் லண்டன் சென்ற அவர், அதே ஆண்டிலும் பின்னர் 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவையும் ஹேஸ்டிங்ஸ் போட்டியில் தோற்கடித்தார். 1933இன் இறுதியில் எசமானர் இந்தியா திரும்பியபோது அவரும் திரும்பினார். அத்துடன் அவரது பன்னாட்டு ஆட்ட வாழ்வு முடிந்தது. கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவருக்கு மதிப்புறு பட்டமாக வழங்கப்பட்டது 2024இல். அதற்குள் அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது.

1972: அயல்நாட்டு அரசு ஒன்று பலகை விரித்தது

இந்தியா விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே சென்னையில் மாநிலச் சதுரங்கச் சங்கம் தோன்றிவிட்டது. தேசியச் சாம்பியன் போட்டி முதன்முறையாக 1955இல் ஆந்திரத்தின் ஏலூரில் நடைபெற்றது. அன்று ஆட்டத்தின் விதிகளே நாடெங்கும் ஒன்றாக இல்லை. சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்ல வேண்டும், ராஜா ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம் என்றெல்லாம் வழங்கிய நாட்டு விதிகளில் பழகியவர்கள், பன்னாட்டு விதிகளுக்கு மாறும்போது தொடக்க நகர்வுகளை அடியிலிருந்து கற்க வேண்டியதாயிற்று, தொடக்க நகர்வுகளோ நூல்களில் இருந்தன, நூல்களோ கிடைக்கவில்லை. இந்தத் தடையைத் தாண்டி 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர் மானுவல் ஆரோன். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த அவர், 1959க்கும் 1981க்கும் இடையில் ஒன்பது முறை தேசியச் சாம்பியனாக விளங்கினார். 1962இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகத் தகுதிச் சுற்றில் பட்டியலின் கடைசிப் பகுதியில் நின்றபோதிலும், ஹங்கேரியின் போர்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் உல்மானையும் அவர் வென்றது, ஆளுக்குக் குறையில்லை, சூழலுக்கே குறை என்பதைக் காட்டியது.

அந்தச் சூழலின் ஒரு பகுதியை நிரப்ப வந்தது சோவியத் அரசு. 1971 ஆகஸ்டில் இந்திய–சோவியத் நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டு, பின்னாளில் ரஷ்ய அறிவியல் பண்பாட்டு மையம் என்ற பெயர் பெற்ற, ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையிலுள்ள சோவியத் பண்பாட்டு மையத்தில், ஆரோனின் முயற்சியால் மிகயீல் தால் சதுரங்க மன்றம் தொடங்கப்பட்டது. அதே 1972இன் கோடையில்தான் ரேக்யவிக் நகரில் பாபி ஃபிஷர் ஸ்பாஸ்கியை வென்று, 1948 முதல் சோவியத் நாட்டை விட்டு நீங்காதிருந்த உலகப் பட்டத்தை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த அரசுக்குச் சதுரங்கம் வெறும் பொழுதுபோக்காக இல்லை என்பது விளங்கும். விண்கலமும் பாலே நடனமும் போலவே சதுரங்கமும் அந்த நாடு தன்னை உலகுக்குக் காட்டிக்கொண்ட முகங்களுள் ஒன்று. மன்றத்துக்குப் பெயர் தந்த தால், லாட்வியாவின் ரீகாவில் பிறந்தவர். அங்குள்ள பயனியர் மாளிகையில், அதாவது அரசு தன் செலவில் சிறுவர்களுக்காக நடத்திய கலை விளையாட்டு நிலையத்தில், ஆட்டம் பயின்றவர். 1960இல் போத்வின்னிக்கை வென்று உலகச் சாம்பியன் ஆனவர். காய்களைத் துணிந்து பலியிட்டு எதிரியைத் திணறடிக்கும் ஆட்டத்துக்குப் பேர்போனவர். மன்றம் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. தம் பெயரில் தென்னிந்தியாவில் ஒரு மன்றம் நடக்கும் காலத்தில் அவர் இன்னும் முதல்தரப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தார்.

சோவியத் அரசு இதனால் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்வது வெகுளித்தனம். நல்லெண்ணத்தை எதிர்பார்த்தது, தன் நூல்கள் வாசிக்கப்படுவதை எதிர்பார்த்தது, மாஸ்கோவில் அச்சிட்ட நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் ஊர்திகள் சிற்றூர்கள் வரை கொண்டுசென்று மலிவு விலைக்கு விற்றதும் அதே எதிர்பார்ப்பின் பகுதிதான். ஆனால் பலகைக்கு முன் அமர்ந்த சிறுவனிடம் அது எதையும் கேட்கவில்லை: அவன் வென்றாக வேண்டும் என்றோ, குறித்த வயதுக்குள் பட்டம் எட்ட வேண்டும் என்றோ, அவன் பெற்றோர் இத்தனை ரூபாய் கட்ட வேண்டும் என்றோ ஒரு நிபந்தனையும் இல்லை. கொடையாளரின் நோக்கம் பெரிதாகவும் தொலைவிலும் இருந்ததால் ஆட்டக்காரருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது என்ற இந்த வினோதமான உண்மையைத் தமிழ்நாட்டுச் சதுரங்க வரலாறு இன்னும் போதிய அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தோற்றவர் எழுந்திருக்க வேண்டும்

மன்றத்தில் நிலவிய வழக்கங்களுள் ஒன்று தனியே பேசத் தக்கது. அங்கே மிகுதியாக ஆடப்பட்டது 'பிளிட்ஸ்' எனப்படும் மின்னல் ஆட்டம். ஆட்டம் முழுவதற்கும் ஒருவருக்கு ஐந்து நிமிடம் அளவே தரப்படும் இவ்வகை ஆட்டத்தில், இரண்டு முகங்கள் கொண்ட கடிகாரம் பலகையின் பக்கத்தில் வைக்கப்படும். தன் நகர்வை முடித்தவர் பொத்தானை அழுத்தினால் தன் முகம் நின்று எதிராளியின் முகம் ஓடும். நேரம் தீர்ந்ததும் கடிகாரத்தில் ஒரு சிறு கொடி விழும். வென்றவர் நாற்காலியில் தொடர்ந்து அமர்ந்திருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போய்த் தன் முறை மீண்டும் வரும் வரை காத்திருக்க வேண்டும். வந்திருப்போர் பலராகவும் பலகைகள் சிலவாகவும் இருக்கும்போது இந்த ஏற்பாடு தானாகவே பிறந்துவிடுகிறது; ஆயினும் எந்தப் பாடத்திட்டமும் தராத பயிற்சியை அது தந்தது. மாநில வீரரும் அலுவலக ஊழியரும் கல்லூரி மாணவரும் ஐந்தாம் வகுப்புச் சிறுவனும் ஒரே வரிசையில் நின்றனர். நாற்காலியை இழக்காமல் இருப்பதற்கு விரைந்து சிந்திக்க வேண்டும். இழந்த பின் காத்திருக்கும் நேரத்தில் பிறர் ஆட்டத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. பார்ப்பது என்பது சதுரங்கக் கல்வியில் பாதி.

1969இல் மயிலாடுதுறையில் பிறந்து, ஆறு வயதில் தாயார் சுசீலாவிடம் காய் நகர்த்தக் கற்று, அவராலேயே இம்மன்றத்துக்கு அழைத்து வரப்பட்ட விசுவநாதன் ஆனந்த், தமது ஆட்டத்தின் வேகத்துக்கு இந்த வரிசையே காரணம் என்று பலமுறை கூறியிருக்கிறார். தென்னக ரயில்வே அதிகாரியான தந்தையின் பணி காரணமாகக் குடும்பம் சில காலம் மணிலாவில் வாழ்ந்து திரும்பியது. 1983இல் ஆனந்த் தேசிய சப்–ஜூனியர் பட்டத்தை ஒன்பதுக்கு ஒன்பது புள்ளிகளுடன் வென்றார். 1986இல் தேசியச் சாம்பியன் ஆனார். 1987இல் உலக ஜூனியர் பட்டத்தை வென்றார். அவருக்கு முன்பே பரமக்குடியைச் சேர்ந்த வி. ரவிகுமார் 1978இல் ஆசிய ஜூனியர் பட்டம் வென்று நாட்டின் இரண்டாவது இன்டர்நேஷனல் மாஸ்டராக உயர்ந்திருந்தார் என்பதால், ஆனந்த் வெறும் வெளியில் தோன்றிய மின்னல் அல்லர். பெண்களின் ஆட்டத்துக்கும் இம்மன்றம் வாசலாயிற்று: 2001இல் இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆன எஸ். விஜயலட்சுமி கலந்துகொண்ட முதல் போட்டி 1986இல் நடந்த தால் சதுரங்கப் போட்டி.

ஆனந்தின் கிராண்ட்மாஸ்டர் பட்டம் உறுதியானது 1987 டிசம்பரில், சக்தி ஃபைனான்ஸ் நிறுவனத்தின் ஆதரவில் கோயம்புத்தூரில் நடந்த பன்னாட்டுப் போட்டியில். அயல்நாட்டு அரசின் கூடத்தில் தொடங்கிய பயணம் கொங்கு நாட்டுத் தனியார் நிறுவனத்தின் செலவில் ஒரு கட்டத்தை எட்டியது என்பது கொடையாளர் வரிசை மாறத் தொடங்கியதன் முதல் அறிகுறி. தொழில்நகரம் ஒன்று சதுரங்கத்துக்குப் பணம் கொடுக்க முடியும், கொடுத்தால் உலக வரலாற்றில் இடம்பெறும் ஒரு போட்டி நடக்க முடியும் என்று அது நிறுவியது. கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொழிலகங்கள் அந்த முன்மாதிரியை நினைவில் கொள்வது நல்லது.

எண் வந்த பிறகு

1991இன் முடிவில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1992 ஜூனில் தால் மறைந்தார். பண்பாட்டு மையம் ரஷ்யாவின் பெயரில் தொடர்ந்தபோதிலும், சதுரங்கத்தைத் தன் உலக முகமாகக் கருதிய அரசு இல்லாமல் போனது. ஆனால் பழைய வகை மன்றம் பின்தங்கியதற்கு இது மட்டுமே காரணம் என்று கொள்வது தவறு. அதைவிட ஆழமான மாற்றம் ஓர் எண்ணின் வடிவில் வந்தது.

அமெரிக்காவில் வாழ்ந்த ஹங்கேரியரான பேராசிரியர் ஆர்பாட் எலோ வகுத்த தரப்புள்ளி முறையை, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பாகிய ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்டது. 'ரேட்டிங்' என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் இந்த எண், இருவருக்கிடையே எதிர்பார்க்கத் தக்க முடிவைக் கணிக்கிறது. இருநூறு புள்ளி கூடியவர் நான்கு ஆட்டங்களில் ஏறக்குறைய மூன்று புள்ளிகளைப் பெறுவார் என்பது அதன் அளவு. தொடக்க காலத்தில் 2200க்குக் கீழே உள்ளவர்களுக்கு உலகப் பட்டியலில் இடமே இல்லை. எனவே மன்றத்துக்கு வருவோரில் மிகப் பலர் எண் இல்லாதவர்கள். அவர்கள் இன்று நன்றாக ஆடினார்கள், நேற்று மோசமாக ஆடினார்கள், அவ்வளவே. 1990களுக்குப் பின் கீழ் எல்லை படிப்படியாக இறங்கி 2012இல் 1000 ஆயிற்று. இப்போது எட்டு வயதுக் குழந்தைக்கும் ஓர் எண் கிடைத்தது. எண் கிடைத்ததும் அது ஏற வேண்டும் என்ற கவலையும் கிடைத்தது. அதை ஏற்றுவதற்குப் போட்டிகள் தேவைப்பட்டன. போட்டிகளுக்குக் கட்டணமும் பயணமும் தேவைப்பட்டன. புள்ளிக் கணக்கில் சேராத மன்றத்து மாலை ஆட்டம், பெற்றோரின் பார்வையில் வீணான ஆட்டமாகத் தோன்றத் தொடங்கியது. எண்கள் பெருகித் தம் மதிப்பை இழந்த நிலையில் 2024 மார்ச்சில் ஃபிடே கீழ் எல்லையை மீண்டும் 1400க்கு உயர்த்தியது. பழகிவிட்ட பார்வை அதனால் மாறிவிடவில்லை.

இந்தப் பின்னணியில்தான் பயிற்சிக்கூடங்கள் எழுந்தன. 2003இல் கிராண்ட்மாஸ்டர் ஆன ஆர். பி. ரமேஷ், மனைவியும் மகளிர் கிராண்ட்மாஸ்டருமான ஆர்த்தி ராமசாமியுடன் 2008இல் நிறுவிய 'செஸ் குருகுல்', வேலம்மாள் பள்ளிகள் சதுரங்க மாணவர்களுக்கு அளித்த சலுகைகள், 2020இல் ஆனந்தே தொடங்கிய பயிற்சிக்கூடம் ஆகியவை சேர்ந்து உலகம் வியக்கும் தலைமுறையை உருவாக்கின. பிரக்ஞானந்தா 2023இல் பாகூ உலகக் கோப்பையின் இறுதிச் சுற்றை எட்டினார். அவர் அக்கா வைஷாலி அதே ஆண்டில் கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டினார். குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரேனை வென்று பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனார். ஆனந்துக்குப் பின் தமிழ்நாட்டிலிருந்து அடுத்த கிராண்ட்மாஸ்டராகச் சசிகிரண் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. இன்று நாட்டிலுள்ள எண்பத்தைந்துக்கு மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தமிழ்நாட்டவர். பயிற்சிக்கூடத்தைக் குறை கூறுவோர் இந்தக் கணக்கை மறைக்கக் கூடாது.

ஆயினும் செலவைச் சுமந்தவர் யார் என்ற கேள்வி இங்கேயும் விடாது. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2500 புள்ளிகளுடன் மூன்று 'நார்ம்'கள் வேண்டும்; நார்ம் என்பது, அயல்நாட்டு வீரர்களும் பட்டம் பெற்றவர்களும் குறித்த அளவில் கலந்துகொள்ளும் போட்டியில் 2600 புள்ளி தரத்தில் ஆடிக்காட்டுவது. அத்தகைய போட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் நடப்பதால், குகேஷின் தந்தை தம் மருத்துவத் தொழிலை நிறுத்திவிட்டு மகனுடன் நாடு நாடாகச் சுற்ற வேண்டியிருந்தது. பிரக்ஞானந்தாவின் தாயார் வெளிநாட்டு விடுதி அறைகளில் சோறு பொங்கி மகனுடன் பயணம் செய்ததை உலகமே அறியும். அரண்மனை, ஜமீன், அயல்நாட்டு அரசு, நிறுவனம் என்று வந்த கொடையாளர் வரிசையின் இப்போதைய தலைமாந்தர் பெற்றோரே. அவர்கள் எதையும் எதிர்பார்க்காமல் கொடுக்க முடியாது. வீட்டை அடகு வைத்தவர், பிள்ளை வெறுமனே மகிழ்ச்சிக்காக ஆடட்டும் என்று சொல்லிவிட முடியாது. குறை பெற்றோரிடம் இல்லை. சுமை முழுவதும் அவர்கள் தோளில் ஏற்றப்பட்ட முறையில் இருக்கிறது.

அரசின் கை இடையிடையே நீண்டதுண்டு. அதில் பர்கூருக்கு ஒரு தனிப்பட்ட கண்ணியும் உண்டு. 1991இல் முதன்முறையாக முதலமைச்சரான ஜெ. ஜெயலலிதா, அந்தத் தேர்தலில் தாம் வென்ற இரு தொகுதிகளில் காங்கேயத்தை விட்டுப் பர்கூரைத் தக்கவைத்துக்கொண்டு, 1996இல் அங்கேயே தோற்கும் வரை இத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார்.  பின்னாளில் அவரது ஆட்சியே 2013 நவம்பரில் ஆனந்துக்கும் மாக்னஸ் கார்ல்சனுக்கும் இடையிலான உலகப் பட்டப் போட்டியை ரூ.29 கோடி ஒதுக்கிச் சென்னையில் நடத்தியது. 'ஏழு முதல் பதினேழு வரை' என்ற பெயரில் பள்ளிகளில் சதுரங்கத்தைப் பரப்பும் திட்டமும் அவர் காலத்தது. ஆனந்த் அந்தப் போட்டியில் தோற்றார். சென்னைச் சிறுவர்கள் பலர் அதைப் பார்த்தே ஆட்டத்துக்கு வந்தனர். 2022இல், ரஷ்யாவில் நடக்கவிருந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட், உக்ரைன் போரால் அங்கிருந்து விலக்கப்பட்டு, மு. க. ஸ்டாலின் அரசின் ரூ.92 கோடிக்கு மேற்பட்ட ஒதுக்கீட்டில் மாமல்லபுரத்துக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் சென்னையில் சோவியத் அரசு பலகை விரித்ததை நினைப்பவர்களுக்கு, ரஷ்யா இழந்த ஒலிம்பியாடைத் தமிழ்நாடு சில மாதங்களில் ஏற்று நடத்தியது வரலாற்றின் கணக்குத் தீர்ப்பாகத் தெரியலாம். ஆனால் விழா என்பது பதினைந்து நாள் பணி. அது முடிந்த பின்னரும் திறந்திருக்கும் கூடம் மாவட்டந்தோறும் வேண்டும் என்பது வேறு வகைக் கோரிக்கை. அதற்கு ஒதுக்கீடு சிறிது, காலம் நீண்டது.

சொந்தச் சுவரும் வாடகைச் சுவரும்

நியூயார்க்கின் இரு மன்றங்களை இங்கே ஒப்பிடலாம். 1877இல் தோன்றிய மன்ஹாட்டன் சதுரங்க மன்றம் உலகின் புகழ்மிக்க மன்றங்களுள் ஒன்றாக இருந்து, இடம் மாறி மாறி அலைந்து, 2002இல் மூடப்பட்டது. அதே நகரின் மார்ஷல் மன்றத்துக்கு 1931இல் செல்வந்தர் சிலர் சேர்ந்து ஒரு வீட்டையே வாங்கிக் கொடுத்தனர். அது இன்றும் அதே வீட்டில் நடக்கிறது. 1854இல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோவின் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் சொந்தக் கட்டடமும் நூலகமும் உடையது. பெயர் காட்டுவது போல் அது கைவினைத் தொழிலாளர்களின் கல்விக்காக நிறுவப்பட்டது. அங்கும் சதுரங்க அறை மூடப்படவில்லை. ஆட்டக்காரர்களின் தரம் மன்ஹாட்டனில் குறைந்திருக்கவில்லை. சுவர் சொந்தமாக இல்லை.

ஓசூர், பர்கூர்ப் பகுதிக்கு இந்த மூன்றாவது எடுத்துக்காட்டே மிக நெருக்கமானது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகியவற்றின் ஆலைகளால் 1980களில் தொழில்நகரமாக வளர்ந்த ஓசூரும், சிப்காட் வளாகத்தால் பின்னர் வளர்ந்த பர்கூர்–போச்சம்பள்ளி வட்டாரமும், பெரும்பாலும் இளம் வயதினரான, வெளியூரிலிருந்து வந்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கும் ஆண் பெண் தொழிலாளர்களால் நிறைந்தவை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உணவகமும், 150 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஓய்வறையும் வேண்டும் என்று வகுத்தது. ஆடுவதற்கு அறை வேண்டும் என்று எந்த விதியும் வகுக்கவில்லை. எனவே அது நிர்வாகத்தின் விருப்பத்தையும், மனமகிழ் மன்றம் என்ற பெயரில் கேரம் பலகையுடன் கிடக்கும் அறையின் சாவியையும் பொறுத்ததாயிற்று. பழைய படிப்பகங்களும், 1948இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலத்தின் கிளை நூலகங்களும் ஏற்கெனவே இருக்கும் கூடங்கள். புதிதாகக் கட்ட வேண்டியவை அல்ல. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் பேசப்படும் இந்த எல்லைப் பகுதியில், ஆடுவதற்கு எந்த மொழியும் வேண்டாத ஓர் ஆட்டத்துக்கு இயல்பான இடமும் உண்டு.

சதுரங்க நிர்வாகம் மாவட்டத்தை அலகாகக் கொண்டது. மாநிலப் போட்டிக்கான தேர்வு மாவட்டச் சங்கத்தின் வழியாக நடக்கிறது. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்ததால் இப்பகுதிக்குத் தனித் தேர்வு வாசல் கிடைத்தது. ஈரோட்டிலிருந்து இனியனும் காரைக்குடியிலிருந்து பிரணேஷும் கிராண்ட்மாஸ்டர் ஆனது, சென்னை முகவரி கட்டாயம் இல்லை என்பதை மெய்ப்பித்துவிட்டது. ஆனால் மாவட்டத் தேர்வு என்பது ஓரிரு நாள் நிகழ்ச்சி. வென்ற சில பிள்ளைகள் மேலே செல்வர். தோற்றவர்களும், வயது கடந்தவர்களும், போட்டியே விரும்பாதவர்களும் மறுவாரம் எங்கே ஆடுவது என்பதற்கு அது விடை தராது. கைப்பேசியில் ஆடலாம் என்பது உடனடி விடை. லிசெஸ் போன்ற தளங்கள் கட்டணமின்றி உலகத்தையே எதிராளியாக்குகின்றன. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது இணைய வழி ஒலிம்பியாடில் இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டாகத் தங்கம் பெற்றதும் அந்த வழியில்தான். கைப்பேசி எதிராளியைத் தருகிறது. தோற்று எழுந்தபின் நின்று பார்க்கும் வரிசையைத் தருவதில்லை.

அறக்கட்டளை என்ற ஏற்பாடே இங்கு நினைக்கத் தக்கது. முதல் தொகையைத் தொடாமல் வைப்பில் இட்டு, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஒரு செயலை நடத்தும் இந்த முறை, கொடுத்தவரின் மனநிலை மாறினாலும், ஏன் அவர் மறைந்தாலும், கொடை தொடரும்படி செய்கிறது. அரசு கலைந்தால் கலையாது, எசமானர் ஊர் திரும்பினால் நின்றுபோகாது. சொற்பொழிவுகளுக்கு அறக்கட்டளைகள் ஏராளமாக உள்ள தமிழ்நாட்டில் ஆட்டக் கூடங்களுக்கு அவை அரிது. ஒரு சிற்றூர் மன்றத்துக்குப் பலகைகளும் கடிகாரங்களும் ஆகும் செலவு ஒருமுறைச் செலவு, அதுவும் பெரிதல்ல. தொடர்ந்து ஆவது மின்கட்டணமும், கூடத்தைத் திறந்து பெருக்கி மூடும் ஒருவரின் ஊதியமும். இவற்றுள் இரண்டாவதே பெரிது. பெரும்பாலான முயற்சிகள் நின்றுபோவது அங்கேதான், ஏனெனில் தொடக்க விழாவில் பலகை வழங்க முன்வருவோர் பலர், காவலாளியின் மாதச் சம்பளத்தை ஏற்பவர் ஒருவரும் இல்லை.

அந்தச் சம்பளத்தையும் இவ்வட்டாரத்தின் வேலை நேரத்தை வைத்தே கணக்கிட வேண்டும். காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என்று மூன்று ஷிப்டுகளில் சுழலும் தொழிலாளருக்கு, மாலை ஐந்து முதல் எட்டு வரை திறந்திருக்கும் கூடம் சில வாரங்கள் பயன்படும், இரண்டாம் ஷிப்டு வாரத்தில் அறவே பயன்படாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த மாலை நேரம் சரியானது. முதல் ஷிப்டு முடித்து வருபவருக்குப் பிற்பகல் மூன்று மணி சரியானது. இரவு வேலை முடித்து உறங்கி எழுபவருக்கும் அதுவே ஏற்றது. ஆகவே பிற்பகல் மூன்றுக்குத் திறந்து இரவு எட்டரைக்கு மூடினால், குழந்தைகளும் தொழிலாளரும் ஒரே வரிசையில் நிற்கும் நேரம் ஏறத்தாழ இரண்டு மணி கிடைக்கும்; பெண் தொழிலாளர் விடுதிக்குத் திரும்ப வேண்டிய நேரத்தையும் நிறுவனப் பேருந்தின் நேரத்தையும் பார்த்து அதை அரைமணி முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கூடம் திறந்திருக்க வேண்டுமா, திறந்திருந்தால் வார விடுமுறை எந்த நாள், அந்த ஐந்தரை மணி நேரத்துக்குச் சாவி யாரிடம் இருக்கும் என்பவை, முதல் பலகையை வாங்குவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டியவை.